ரப்பர்த் தோட்டம் நகரமானது: பெட்டாலிங் ஜெயாவில் நமக்கு உரியவை

நகர்ப்புறத்தில் குடியேறிவிட்ட மகனையோ மகளையோ காணச் செல்லும் தோட்டத்துப் பெரியவர்கள் பலர், இரண்டு நாள் தங்கிவிட்டு, "அங்கே நமக்கு என்ன இருக்கிறது? நான்கு சுவரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுந்தான்" என்று கூறித் திரும்புவதை நாம் கேட்டிருக்கிறோம். குடியேறிய குடும்பங்களிலுங்கூட இதே எண்ணம் நிலவுகின்றது. வேலை, வீடு, கடைத்தெரு என்னும் மூன்றைத் தவிர நகரில் உள்ள மற்றவை யாவும் வேறு எவருக்கோ உரியவை என்று கருதி ஒதுங்கி வாழ்வோர் அவர்களுள் பலர்.

இவ்வெண்ணம் சரியானதன்று. பூங்கா, நூலகம், சுகாதார நிலையம், பொது மண்டபம், விளையாட்டுத் திடல் ஆகியவை பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறுபவை. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதால் இழப்பு நமக்கே, சிறப்பாக நம் பிள்ளைகளுக்கே. நம் வாசகர்களுள் பலரின் உறவினர் வாழ்கின்ற பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்கு என்னென்ன உள்ளன, அவற்றை எங்ஙனம் அடைவது, எதனை எவரிடம் கேட்பது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

தோட்டம் நகரமான வரலாறு

பெட்டாலிங் ஜெயா தோட்ட மக்களுக்கு அந்நியமான ஊரன்று. அதுவே ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்தது. அந்நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு 1952-ஆம் ஆண்டில், எபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்திற்குரிய 1,200 ஏக்கர் நிலத்தில் ஒரு துணை நகரம் எழுப்பப்பட்டது. முதலில் 800 வீடுகளும் இரண்டு பெருஞ்சாலைகளும் அமைந்தன. இன்று 'பழைய நகர்' என்று வழங்கும் பகுதியே அன்றைய நகரின் நடுவிடம்.

அதன் பின்னர் நகரம் நாற்புறமும் விரிந்தது. 1977-இல் அது நகராண்மைக் கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. 2006-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் மாநகர் எனும் தகுதியைப் பெற்றது. இன்று மாநகர் மன்றத்தின் எல்லை ஏறத்தாழ 97 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் முதலிய எல்லா இனத்தவரும் அதனுள் வாழ்கின்றனர்.

தோட்டத்தின் சுவடுகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் எபிங்ஹாம் என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. கம்போங் லிண்டுங்கானில் உள்ள தமிழ்ப்பள்ளி சீபோர்ட் தோட்டத்தின் பெயரைக் காத்து வருகின்றது. அண்டை நகரான சுபாங் ஜெயாவில் சீபீல்டு தமிழ்ப்பள்ளியும் அவ்வாறே. மரங்கள் வீழ்ந்தன, லயங்கள் மறைந்தன, பள்ளியின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சியது.

முகவரியைப் படிக்கும் முறை

புதிதாகச் செல்வோரைத் திகைக்க வைப்பது இந்நகரின் முகவரி முறை. தெருக்கள் பலவற்றிற்குப் பெயர் இல்லை, எண்களே உள்ளன. ஆயினும் முறையை அறிந்துகொண்டால் இதனைவிட எளிதானது வேறில்லை.

நகரம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் உண்டு. 'ஜாலான் 5/13' என்று முகவரியில் இருந்தால், ஐந்தாம் பிரிவில் பதின்மூன்றாம் சாலை என்பது பொருள். முன்னால் உள்ள எண் பிரிவைக் குறிக்கும். கோட்டுக்குப் பின்னுள்ள எண் சாலையைக் குறிக்கும்.

நகரம் விரிந்தபோது எண்களுக்கு முன் எழுத்துகளும் சேர்ந்தன. 'எஸ்.எஸ்.' என்பது சுங்கைவே–சுபாங் பகுதியையும், 'பி.ஜே.எஸ்.' என்பது பெட்டாலிங் ஜெயா தெற்குப் பகுதியையும், 'பி.ஜே.யு.' என்பது பெட்டாலிங் ஜெயா வடக்குப் பகுதியையும் சுட்டும். ஆகவே 'எஸ்.எஸ்.2/24' என்றால் சுங்கைவே–சுபாங் இரண்டாம் பிரிவில் இருபத்து நான்காம் சாலை என்று அறியலாம். வீட்டு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்படாமல், பிரிவின் எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டு செல்லுதல் நன்று.

எது எவர் பொறுப்பு?

தோட்ட வாழ்வுக்கும் நகர வாழ்வுக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை இங்கேதான் உள்ளது. தோட்டத்தில் வீடு, குடிநீர், ஆயாக்கொட்டகை, மருந்தகம், திடல் யாவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் அமைந்திருந்தன. தொழிலாளர்க்குக் குறைந்த அளவு வீட்டு வசதிகளும் ஏனைய வசதிகளும் அளிப்பது முதலாளியின் கடமை என 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. குழந்தைக் காப்பகமும் பொது மண்டபமும் விளையாட்டு வசதியும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. குறை இருந்தால் கிராணியிடமோ நிர்வாகியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ கூறினால் போதும், அலுவலகம் ஒன்றே.

நகரில் அவ்வாறில்லை. வசதிகள் பலவாக இருப்பினும் அவை பல அமைப்புகளின் கையில் உள்ளன. எதனை எங்குக் கேட்பது என்பதை அறியாத குடும்பம், எல்லாம் இருந்தும் ஏதுமில்லாத நிலையை அடைகின்றது.

சாலை விளக்கு, கால்வாய், பூங்கா, பொதுச் சந்தை, திடல், பொது மண்டபம் ஆகியவை மாநகர் மன்றத்தைச் சார்ந்தவை. மன்றத்தின் செலவுக்காக வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும், மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். வாடகைக்குக் குடியிருப்போர் நேரே வரி செலுத்தாவிடினும், அவர்கள் கொடுக்கும் வாடகையில் அதுவும் ஒரு பங்காக அடங்கியுள்ளது. ஆதலின் கால்வாய் அடைபட்டிருந்தால் மன்றத்திடம் முறையிடுவது உரிமையே அன்றி, சலுகை கோருவதன்று.

அடுக்குமாடிக் கட்டடத்தினுள் நிலைமை வேறு. மின்தூக்கி பழுதானால் மாநகர் மன்றத்தை நாடுவதில் பயனில்லை. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, மின்தூக்கி, படிக்கட்டு, கூரை, நீர்த்தொட்டி முதலிய பொது உடைமைகளைப் பேணுவது வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட நிர்வாக அமைப்பின் கடமை. அதற்காகவே மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்கப்படுகின்றது. கட்டணத்தை நிலுவையில் வைத்திருப்பவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க இயலாது. "மின்தூக்கி ஓடவில்லை, நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்பது இயல்பே. ஆனால் பலர் அவ்வாறு நிறுத்திவிட்டால் பழுது பார்க்கப் பணமும் இராது. நிர்வாகத்தைத் தட்டிக்கேட்க நமக்கு வாக்கும் இராது. கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கூட்டத்திற்குச் சென்று கணக்குக் கேட்பதே பயன்தரும் வழி.

உடல்நலம் பேண

தோட்ட மருந்தகத்திற்கு ஈடாக நகரில் இருப்பவை சுகாதார அமைச்சின் சுகாதார நிலையங்கள். கிளானா ஜெயாவிலும் தாமான் மேடானிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. மலேசியக் குடிமக்கள் அங்கு வெளிநோயாளியாகச் சென்றால் ஒரு வெள்ளி மட்டுமே கட்டணம். மருத்துவர் பார்வையும் மருந்தும் அதில் அடங்கும். குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகள் இலவசமாகப் போடப்படுகின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அங்குத் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டு, குறித்த நாளில் தவறாமல் சென்று மருந்து பெறலாம். அடையாள அட்டையை உடன் கொண்டுசெல்ல மறத்தலாகாது.

தனியார் மருத்துவரிடம் ஒருமுறை சென்றுவரும் செலவுக்கு அஞ்சியே மருந்தை இடையில் நிறுத்திவிடும் முதியோர் உள்ளனர். வீட்டிலிருந்து சிறு தொலைவில் ஒரு வெள்ளிக்கு அதே நோய்க்கு மருந்து கிடைக்கும் என்பது அவர்களுக்கு எடுத்துக் கூறப்படவில்லை என்பதே இதன் காரணம். இச்செய்தியை நம் வாசகர்கள் தங்கள் உறவினர்க்குத் தெரிவித்தல் பெரும் உதவியாகும்.

நகரின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பெரிய நோய்களுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அது சுகாதார அமைச்சைச் சார்ந்ததன்று. அதன் கட்டண முறை வேறானது. எனவே முதலில் சுகாதார நிலையத்தில் காட்டி, தேவையாயின் மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

பூங்காக்களும் காடும்

காசு செலவின்றி ஒரு குடும்பம் மாலைப்பொழுதைக் கழிக்க இந்நகரில் இடங்கள் பல உண்டு. பழைய நகருக்கு அண்மையில் உள்ள தாமான் ஜெயா பூங்காவில் ஏரியும் நடைபாதையும் உள்ளன. அதனை ஒட்டியே இலகு ரயில் நிலையம் அமைந்திருக்கின்றது. கிளானா ஜெயாவில் உள்ள நகரப் பூங்காவின் ஏரிகள், முன்னாளில் ஈயம் தோண்டிய குட்டைகளேயாகும். கைவிடப்பட்ட குட்டைகள் இன்று மக்கள் உலவும் பூங்காவாகவும், பெருமழை நீரைத் தாங்கி வெள்ளத்தைக் குறைக்கும் தேக்கமாகவும் இருவகைப் பயன் தருகின்றன.

தோட்டத்து மக்கள் கண்டிப்பாகக் காணவேண்டிய இடம் புக்கிட் காசிங். நகரின் நடுவே நிற்கும் இக்குன்று பெட்டாலிங் ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் பரந்து கிடக்கின்றது. ரப்பர் பயிரிடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட நிலத்தில் மீண்டும் காடு வளர்ந்துள்ளது. நடைபாதையில் செல்லும்போது காட்டுமரங்களுக்கு இடையே பழைய பால்மரங்களை இன்றும் காணலாம். பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, "இம்மரந்தான் நமக்குச் சோறு போட்டது" என்று காட்டுவதற்கு நகரில் இதனினும் தக்க இடம் வேறு எது? குன்றின் மேல் சிவன் கோயிலும் உண்டு. காலையிலேயே புறப்படுதல், குடிநீர் எடுத்துச் செல்லுதல், குரங்குகளுக்குத் தீனி கொடாதிருத்தல் ஆகிய மூன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வடக்கே கோத்தா டாமான்சாராவில் 321 ஹெக்டர் பரப்புள்ள சமூக வனப் பூங்கா உள்ளது. சுங்கை பூலோ வனக்காப்பகத்தில் எஞ்சிய பகுதி அது. அதனைக் காக்க வேண்டுமென அவ்வட்டாரக் குடியிருப்பாளர்கள் பல்லாண்டுகள் குரல் கொடுத்தனர். 2010-இல் அது அரசிதழில் பதிவு பெற்றது. பொது இடம் ஒன்று நிலைத்து நிற்பது, அதனைப் பயன்படுத்தும் மக்கள் அதன்மீது காட்டும் அக்கறையைப் பொறுத்தது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சந்தையும் வழிபாட்டிடங்களும்

பல இன மக்கள் நாள்தோறும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் சந்தையே. பழைய நகரில் ஜாலான் ஓத்மானில் உள்ள பொதுச் சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கலாம். அருகிலேயே அங்காடி உணவுக் கடைகளும் உள்ளன. எஸ்.எஸ்.2 பகுதியில் திங்கட்கிழமை மாலைதோறும் கூடும் இரவுச் சந்தை நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. பண்டார் உத்தாமாவில் 1995-இல் திறக்கப்பட்ட 'ஒன் உத்தாமா' பேரங்காடி நாட்டின் மிகப் பெரிய அங்காடிகளுள் ஒன்று. எபிங்ஹாம் தோட்ட நிலத்தில் எழுந்த புறநகர்ப் பகுதி அது. குளிர்ச்சியாக இருக்கின்றது என்பதற்காகப் பிள்ளைகளுடன் அங்கேயே விடுமுறை நாள் முழுவதையும் கழிக்கும் குடும்பங்கள் பல. சென்று காண்பதில் தவறில்லை. ஆனால் அங்கே ஒவ்வோர் அடியும் பணப்பையைத் திறக்கச் சொல்லும். பூங்கா அவ்வாறு சொல்வதில்லை.

வழிபாட்டிடங்களும் இந்நகரில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நான்காம் பிரிவில் ஸ்ரீ சித்தி விநாயகர் ஆலயம், காசிங் சாலையில் புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயம், ஒன்பதாம் பிரிவில் தாய்லாந்துக் கட்டடக் கலையில் எழுந்த வாட் செத்தாவான் பௌத்த ஆலயம், பதினான்காம் பிரிவில் வட்ட வடிவ அமைப்பினால் 'வட்டப் பள்ளிவாசல்' என மக்கள் அழைக்கும் துன் அப்துல் அசிஸ் பள்ளிவாசல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஒரே முற்பகலில் இந்நான்கையும் சுற்றி வந்துவிடலாம். பிற சமயத்தார் ஆலயத்தினுள் நுழையுமுன் அனுமதி கேட்பதும், அடக்கமான உடை அணிவதும், தேவைப்படும் இடத்தில் காலணியைக் கழற்றுவதும் நம் கடமை. பிள்ளைகள் இதனைச் சிறு வயதிலேயே பழகிக்கொள்ளுதல் நலம்.

சென்றுவரும் வழி

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர் கே.டி.எம். கொம்யூட்டர் ரயிலில் ஏறி ஜாலான் டெம்ப்ளர் நிலையத்தில் இறங்கினால் பழைய நகர் அண்மையில் உள்ளது. சுபாங் ஜெயா நிலையத்தில் இலகு ரயிலுக்கு மாறினால் கிளானா ஜெயா, தாமான் பஹாகியா, ஆசியா ஜெயா, தாமான் ஜெயா ஆகிய நிலையங்களை அடையலாம். ஓட்டுநர் இன்றி ஓடும் இந்த இலகு ரயில் 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சேவையைத் தொடங்கியது. 2016-இல் சுபாங் ஜெயா வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டப்பட்டது. நகரின் வடபகுதிக்கு அதே ஆண்டு டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயிலும் வந்து சேர்ந்தது.

நாள்தோறும் பயணம் செய்வோர்க்கு 'மை50' எனும் பயண அட்டை ஏற்றது. மலேசியக் குடிமக்கள் 50 வெள்ளி செலுத்தி, 30 நாட்களுக்கு இலகு ரயில், எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து ஆகியவற்றில் எத்தனை முறை வேண்டுமாயினும் பயணம் செய்யலாம். கே.டி.எம். கொம்யூட்டருக்கு இவ்வட்டை செல்லாது. வேலைக்காக இதனை வைத்திருக்கும் ஒருவர், விடுமுறை நாளில் கூடுதல் கட்டணம் ஏதுமின்றி அதே அட்டையில் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் சென்று வரலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பள்ளியும் நூலகமும்

எபிங்ஹாம், சீபோர்ட் பள்ளிகளுடன் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, பி.ஜே.எஸ்.1 தமிழ்ப்பள்ளி ஆகியனவும் இந்நகரில் உள்ளன. தோட்டத்திலிருந்து இடம்பெயரும் குடும்பங்கள், வீடு பார்க்கும்போதே பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். வீடு மாறிய பின்னர் பள்ளியைத் தேடுவதால் பிள்ளையின் கல்வி இடையில் தடைப்படுவதுண்டு.

மாநகர் மன்றம் சமூக நூலகங்களை நடத்தி வருகின்றது. ஷா ஆலாம் பதின்மூன்றாம் பிரிவில் சிலாங்கூர் மாநிலப் பொது நூலகமாகிய ராஜா துன் ஊடா நூலகம் உள்ளது. ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் அடுக்குமாடி வீட்டில் பிள்ளை அமர்ந்து படிக்க மேசை இல்லை என்றால், நூலகத்தின் மேசை அப்பிள்ளைக்கு உரியது. ஒளியும் காற்றும் அமைதியும் அங்கே உண்டு. தேர்வு எழுதும் ஆண்டில் வாரம் இருமுறை அங்குச் சென்று படிக்கும் பழக்கம், விலை உயர்ந்த பிரத்தியேக வகுப்புக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது ஆசிரியப் பணியில் பயிற்சி பெற்ற நமது கருத்து.

அண்டை அயலார்

இவ்வளவு வசதிகள் இருந்தும் ஒரு பகுதி மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்தால் விளைவு யாது? அதனையும் இந்நகரின் வரலாறு நமக்குக் காட்டியுள்ளது. 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கம்போங் மேடானிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் அண்டை வீட்டாரிடையே எழுந்த சச்சரவு இனக் கலவரமாக மூண்டு ஆறு உயிர்களைப் பலி கொண்டது. உயிரிழந்தோருள் நம்மவரும் இருந்தனர். நெருக்கமான குடிசைகளும் வறுமையும் மலிந்திருந்த இடம் அது. ஒரே சந்துக்குள் வாழ்ந்தும் ஒருவர் வீட்டுத் துக்கத்தையும் மற்றவர் வீட்டு மகிழ்ச்சியையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் வேரூன்றாத இடத்தில் வதந்தி தீயைப்போல் பரவும்.

இதனால்தான் பொது மண்டபமும் திடலும் வெறும் கட்டடமும் புல்வெளியும் அல்ல என்கிறோம். மாலையில் ஒன்றாகப் பந்தாடிய இளைஞர்கள் இரவில் வதந்தியைக் கேட்டால், முதலில் தம் நண்பனிடம் உண்மையை வினவுவர். 1975-இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டை அயலார் இயக்கம் இன்றும் பல பகுதிகளில் செயற்பட்டு வருகின்றது. அதன் கூட்டங்களுக்கும் கோத்தோங் ரோயோங் துப்புரவுப் பணிகளுக்கும் நம்மவர் சென்று கலந்துகொள்ள வேண்டும். மொழி சரளமாக வரவில்லையே எனத் தயங்க வேண்டியதில்லை. துடைப்பம் பிடிக்கும் கைக்கு எல்லா மொழியும் தெரியும்.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயரும் குடும்பம் முதல் மாதத்திலேயே சிலவற்றைச் செய்துவிடுதல் நன்று. அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். அருகில் உள்ள சுகாதார நிலையத்தைக் கண்டறிந்து, முதியோரின் நோய்க் குறிப்பேட்டுடன் சென்று பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் பள்ளி மாற்றத்தை முடிக்க வேண்டும். நிர்வாக அமைப்பின் அலுவலகம் எங்குள்ளது, அண்டை அயலார் குழுவின் தலைவர் யார் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பூங்காவுக்குச் சென்று வரவேண்டும். எதிர்வீட்டாரை, அவர் எந்த இனத்தவராயினும், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் வசதிகள் குறைவாக இருந்தன. ஆயினும் அவை நம் வாசலுக்கு வந்தன. நகரில் வசதிகள் நிறைய உள்ளன. ஆயின் அவற்றைத் தேடி நாம்தான் செல்ல வேண்டும். பால்மரத்தை வெட்டி எழுப்பிய இந்நகரின் மண்ணில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்துள்ளது. அங்கு நாம் விருந்தினர் அல்லர். பிறரைப் போன்றே உரிமையும் கடமையும் உடைய குடிமக்கள். இவ்விதழைப் படித்து முடித்தபின், நகரில் வாழும் தம் பிள்ளைகளுக்கு இதனை அனுப்பி வைக்குமாறு வாசக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.